சுவருக்கு வெளியே ஒரு வீடு

பிரபு,

நேற்று போனில் நீ மறுபடியும் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. "யாரைக் கேட்டுப்பா அந்த ஹோம்ல போய்ச் சேர்ந்தீங்க? எனக்கு எவ்வளவு அசிங்கமா இருக்கு தெரியுமா?" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள், அடுத்த வாரம் தோஹாவிலிருந்து வந்து என்னை வீட்டுக்குக் கூட்டிப்போகப் போவதாகவும், மேகனைத் திரும்ப வரச் சொல்லப் போவதாகவும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அப்புறம் நீ கூப்பிட்டபோது நான்தான் எடுக்கவில்லை. போனில் உன்னோடு பேசி முடிக்க எனக்குத் தெம்பு இல்லை. என் பேச்சு பாதியில் இருக்கும்போதே "நான் பாத்துக்கறேன்பா" என்று முடித்துவிடுகிறாய். எழுத்தை அப்படி நடுவில் நிறுத்த முடியாது. உனக்குத் தமிழ் வாசிப்பு மெதுவாகத்தான் வரும் என்று எனக்குத் தெரியும். மெதுவாகவே படி. படித்துவிட்டு மேகனுக்கும் ஆங்கிலத்தில் சொல். எதையும் விட்டுவிடாமல் சொல்.

முதலில் இந்த முதியோர் இல்லத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நல்ல இடம் என்று எழுதினால் நீ நிம்மதியாக இருப்பாய், அதனால் உண்மையை எழுதுகிறேன். எனக்கு இங்கே பிடிக்கவில்லை. ஐந்தாவது மாடி. சன்னல் ஒரு கை நுழையும் அளவுக்குத்தான் திறக்கும். லிஃப்டுக்கு ஒரு நம்பர் உண்டு, அது நர்சுகளுக்கு மட்டும் தெரியும். நினைவு தப்பியவர்கள் கீழே இறங்கிப் போய்விடக் கூடாது என்பதற்காக வைத்தது. எனக்கு நினைவு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கதவு எல்லோருக்கும் ஒன்றுதானே. "கீழே போய் ஒரு கோப்பி குடிச்சிட்டு வரட்டுமா மிஸ்ஸி?" என்று நர்சிடம் கேட்டால், "அங்கிள், விழுந்துட்டா யார் பதில் சொல்றது? உங்க மகன் வந்து கையெழுத்துப் போடட்டும்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். பக்கத்துக் கட்டிலில் இருக்கும் சீனப் பெரியவர் காலையிலிருந்து டிவியைச் சத்தமாக வைத்திருக்கிறார். கஞ்சியில் உப்பு இல்லை. சிராங்கூன் ரோடு இங்கிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான், ஆனால் எனக்கு அது இப்போது வேறு நாடு மாதிரி இருக்கிறது. இவ்வளவையும் தெரிந்துகொண்டுதான் நான் இங்கே வந்தேன். யாரும் கொண்டுவந்து தள்ளிவிடவில்லை. ஏன் வந்தேன் என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

உன் அம்மா போன பிறகு நீ அமெரிக்காவை விட்டுவிட்டு சிங்கப்பூருக்கே திரும்பி வந்தாய். நான் வரச் சொல்லவில்லை, ஆனால் வந்தபோது சந்தோஷப்பட்டேன். உன்னோடு நீ கட்டிக்கொண்ட மேகனும் வந்தாள். அவளுடைய ஊர் ஓஹையோ ஆற்றங்கரையில் இருக்கும் எல்லிஸ் லேண்டிங். லேண்டிங் என்றால் துறை. நம் பக்கத்தில் இருந்திருந்தால் எல்லிஸ்துறை என்றே பெயர் வைத்திருப்பார்கள். அந்தத் துறையில் பிறந்து, அங்கேயே ஒரு கால்நடை மருத்துவரிடம் வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்ணை ஃபேரர் பார்க்கில் பதினோராவது மாடியில் இருக்கும் நம் வீட்டுக்குக் கூட்டிவந்தாய். அவள் வேலைக்கு விண்ணப்பித்த இடத்திலெல்லாம் பிறகு சொல்கிறோம் என்றார்கள், யாரும் சொல்லவில்லை. அப்புறம் நான் தேக்கா மார்க்கெட்டில் மீன்கடை ஈரத்தில் வழுக்கி விழுந்தேன், இடுப்பில் ஆபரேஷன் ஆனது, வாக்கர் வந்தது. நான் வாக்கரோடு கழிவறை வரை போகப் பழகியதும் உனக்குத் தோஹா வேலை வந்தது. நீ போய்விட்டாய். உன் ஊரில், உன் வீட்டில், உன் அப்பாவோடு அவள் இருந்தாள். நீ மட்டும் இல்லை. வீட்டு வேலைக்கு ஆள் வைக்கலாம் என்று அவள் சொன்னபோது, "வெளி ஆள் எதுக்கு, நீதான் வீட்லயே இருக்கியே" என்று சொன்னாய். நினைவிருக்கிறதா? நான் அந்த அறையில்தான் இருந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன்.

நீ அந்த ஊரில் கல்யாணம் செய்தவன். நான் உன் அம்மாவின் உடம்பைக் காரணம் காட்டி அங்கே வராதவன். உனக்கு நான் அந்த ஊரைப் பற்றிச் சொல்வது வேடிக்கைதான். ஆனால் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவன் நான். நான் விழுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் மூவரும் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் வாழை இலைச் சாப்பாடு சாப்பிடப் போனோம். உனக்குப் போன் வந்து எழுந்து வெளியே போனாய். "உங்க ஊர் எப்படிம்மா இருக்கும்?" என்று சும்மாதான் கேட்டேன். அவள் இலையைக் காட்டினாள். நடு நரம்புதான் ஆறு. மேல் பாதி இல்லினாய் மாநிலம், கீழ் பாதி கென்டக்கி. கீழே குவித்திருந்த சோறு அவள் ஊர். சோற்றுக்கும் நரம்புக்கும் நடுவே விரலால் ஒரு கோடு இழுத்தாள். "இது சுவர் அப்பா. என் அப்பா பிறக்கறதுக்கு முன்னால பெரிய வெள்ளம் வந்து ஊரே முழுகிப் போச்சு. அதுக்கப்புறம் கட்டினது." அப்புறம் வடையை எடுத்துக் கோட்டுக்கு அந்தப் பக்கம், நரம்பை ஒட்டி வைத்தாள். "இது எங்க வீடு."

"சுவருக்கு வெளியவா?"

"வெளியதான். சுவர் கட்டினது ஊரைக் காப்பாத்த. ஆனா எது ஊர்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டாங்க. எங்க வரிசை வீடுங்க அதுல இல்லை" என்றாள். பள்ளியில் அவளை ஆத்துப் பக்கத்துப் பொண்ணு என்றுதான் சொல்வார்களாம். வெள்ளம் வந்தால் சுவரில் இருக்கும் கதவுகளைப் பலகை போட்டு அடைப்பார்கள். அடைத்த பிறகு வெளியே இருப்பவர்கள் வெளியேதான். பெரிய தெருவில் நின்றால் ஆறே தெரியாது, சுவர்தான் தெரியும். அந்தச் சுவர் நெடுகப் பழைய படகுகளையும் ஆற்றையும் வரைந்து வைத்திருக்கிறார்கள். "ஆத்தை மறைச்சுட்டு அதோட படத்தை வரைஞ்சிருக்காங்க அப்பா, டூரிஸ்டுங்க வந்து போட்டோ எடுக்கறாங்க" என்று சிரித்தாள். தெற்கே போனால் அவர்களை வடக்கத்திக்காரர்கள் என்பார்களாம், வடக்கே போனால் அவர்கள் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்களாம். நானும் சிரித்துவிட்டேன். சென்னைக்குப் போனால் நான் சிங்கப்பூர்க்காரன், இங்கே டாக்சியில் ஏறினால் இந்தியாவில் எங்கே என்று கேட்பார்கள் என்றேன். அவள் நரம்பின் மேல் ரசத்தை ஊற்றினாள். சோறு வரைக்கும் போகவில்லை, வடை ஊறிப்போனது. "உங்களுக்கு வடை நனைஞ்சா பிடிக்கும்" என்று அதை எடுத்து என் இலையில் வைத்தாள். அப்போது நீ உள்ளே வந்து, "என்ன சிரிப்பு?" என்று கேட்டாய். ஒன்றும் இல்லை என்றோம்.

அவளுக்கு ஆறு இல்லாமல் இருக்க முடியவில்லை என்று கொஞ்ச நாளில் எனக்குப் புரிந்தது. ஒருநாள் ரோச்சோர் கால்வாய்க்குக் கூட்டிப்போனேன். இரண்டு பக்கமும் சிமெண்ட், அடியில் கொஞ்சம் தண்ணீர். "இது எங்கேருந்து வருது?" என்று கேட்டாள். இங்கே பக்கத்திலிருந்துதான் என்றேன். "எங்க ஆத்துக்கு எங்கேருந்தெல்லாமோ தண்ணி வரும் அப்பா. எங்க ஊர்ல வெயில் அடிக்கும், ஆறு ஏறும். வேற யாருக்கோ பெய்ஞ்ச மழை எங்க வாசல்ல வந்து நிக்கும். கதவு வரும், மரம் வரும், ஒருதரம் ஒரு கோழிக்கூடு கோழியோட வந்துச்சு" என்றாள். திரும்பி வரும்போது பிளாக் லிஃப்டில் ஒரு பக்கத்து வீட்டுக்காரர் அவளைப் பார்த்து, "டூரிஸ்டா லா? எத்தனை நாள் ஸ்டே?" என்று கேட்டார். மேகன் என்னைப் பார்த்தாள். "தெரியலை" என்று பதில் சொன்னாள். நீ தோஹாவுக்குப் போன பிறகு அவள் அடுப்படிச் சன்னலில்தான் நின்றுகொண்டிருப்பாள். துணி காயப்போடும் மூங்கில் கழிகளைத் தாண்டி எதிர் பிளாக் தெரியும். வேறு எதுவும் தெரியாது. என்னம்மா பார்க்கிறாய் என்று கேட்டால், ஒன்றும் இல்லை அப்பா, மாத்திரை சாப்பிட்டீர்களா என்பாள்.

அப்புறம்தான் அவள் ஊரில் ஆறு ஏறியது. ஊரில் மழையே இல்லை, மேலே எங்கேயோ நாள்கணக்கில் பெய்திருந்தது. அவள் அப்பா ரே அந்த வீட்டில் தனியாக இருந்தார். அவருக்கு நுரையீரல் சரியில்லை, கரண்டில் ஓடும் ஒரு மூச்சு மெஷின் பக்கத்தில் இருக்க வேண்டும். மேகனின் அம்மா சுவருக்கு உள்ளே குடிபோகலாம் என்று வருஷக்கணக்கில் கேட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் வேறு மாநிலத்துக்கே போய்விட்டவர். யார் சொன்னாலும் ரே அந்த வீட்டை விட்டு வர மாட்டார். கதவுகளை அடைக்கப் போகிறோம் என்று தீயணைப்புக்காரர்கள் படகோடு வந்து கூப்பிட்டும் வரவில்லை. மேகன் உனக்குப் போன் செய்தாள். அடுப்படியில் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் ஹாலில் இருந்தேன்.

"நான் போனாத்தான் அவர் வெளிய வருவார் பிரபு."

"அதுக்குத்தான் அங்க ஆளுங்க இருக்காங்களே. நீ போய்ட்டா என் அப்பாவை யார் பாத்துக்கறது? அவரால தனியா பாத்ரூம் போக முடியலை. அவரை விட்டுட்டுப் போறேன்னு எப்படிச் சொல்ற நீ?"

வெங்காயம் நறுக்கும் சத்தம் நின்றது. அவள் சரி என்றாள்.

பிரபு, நான் தனியாகப் பாத்ரூம் போவேன். அது உனக்கும் தெரியும். தண்ணீருக்கு நடுவே இருந்த அந்த மனிதருக்கும் தன் அப்பாவிடம் போக வேண்டியிருந்த அந்தப் பெண்ணுக்கும் நடுவில் நீ ஒரு பூட்டைத் தொங்கவிட்டாய். அந்தப் பூட்டு நான். அவளை இங்கே நிறுத்தி வைத்ததற்கு உனக்கு வேறு காரணங்கள் இருக்கலாம். அவள் போனால் திரும்ப வர மாட்டாள் என்று பயந்திருக்கலாம். அந்தப் பயத்தை அவளிடம் சொல்லியிருந்தால் அவளும் பதில் சொல்லியிருப்பாள். வயதான அப்பா என்று சொன்னால் யாரால் பதில் சொல்ல முடியும்? உன் அம்மா மலேசியாவில், ஈப்போவில் பிறந்தவள். பள்ளி லீவு விட்டால் ஒரு பானை சாம்பார் வைத்துவிட்டு, "போறேன், அடுப்பை அணைச்சுட்டேன், கேஸைப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு உன்னையும் தூக்கிக்கொண்டு கோச் ஏறிவிடுவாள். என்னிடம் அனுமதி கேட்டதே இல்லை. எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். நாலு நாள் சாம்பாரையே சாப்பிட்டுக்கொண்டு திட்டிக்கொண்டிருப்பேன். ஆனால் அவள் திரும்பி வரும்போது முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் பஸ் நிலையத்துக்கு நானே போய்க் காத்திருப்பேன். மேகன் உன்னிடம் அனுமதி கேட்கிறாள் என்றால், அதை அவளுக்கு யாரோ பழக்கியிருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் அவள் கீழே காய் வாங்கப் போனபோது, அவளுடைய டேப்லெட்டில் நான் ரேவை வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே அப்போது சாயங்காலம். அதற்கு முன்னால் அவரோடு நான் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. திரையில் ஒரு பெரிய மூக்கு வந்தது, அப்புறம் முழு முகம், மூக்கில் ட்யூப். பின்னால் சன்னல். அதில் பழுப்பு நிறத்தில் தண்ணீர் மட்டும்தான் தெரிந்தது.

"இடுப்பு எப்படி இருக்கு சார்?" என்று கேட்டார்.

"பரவாயில்லை. தண்ணி எப்படி இருக்கு?"

"வாசப்படி போச்சு. இதெல்லாம் நான் பார்த்ததுதான்." மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். "ஒரு உதவி செய்யணும் சார். மேகன் வரேன்னு சொன்னா வேணாம்னு சொல்லுங்க. உங்களைப் பாத்துக்க அவ அங்க இருக்கணும்னு பிரபு சொன்னான். நல்ல பையன். பெத்தவங்களைப் பாக்கறவன்."

அந்தப் பூட்டை நீ அவருக்கும் மாட்டியிருந்தாய். "கரண்டு போயிட்டா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "இந்த வீட்டை விட்டு உள்ள போனா, நான் யாருன்னு எனக்கே தெரியாது சார். அங்க இருக்கறவங்க எல்லாம் சுவத்தைப் பார்த்துக்கிட்டு இருக்காங்க" என்றார். பிடிவாதக்காரர்தான். ஆனால் அவருக்குப் பயமாக இருந்தது. மெஷினின் சத்தத்துக்கு நடுவே அது எனக்குக் கேட்டது.

அன்றைக்கே என் ஆபரேஷன் நேரத்தில் உதவிய ஆஸ்பத்திரி சமூக சேவைப் பெண்ணுக்குப் போன் செய்தேன். வீட்டில் பார்க்க ஆள் இல்லை, கொஞ்ச காலம் தங்க ஒரு இடம் வேண்டும் என்றேன். இந்த ஹோமில் ஒரு கட்டில் காலியாக இருந்தது. ஏற்பாடெல்லாம் முடிந்த பிறகுதான் மேகனிடம் சொன்னேன். சொல்லும்போது என் பெட்டி கட்டிலின் மேல் இருந்தது.

"நோ அப்பா, நோ. பிரபு என்னைக் கொன்னுடுவான்."

"நான் போறேன்னு உன்கிட்ட அனுமதி கேக்கலைம்மா. சொல்றேன். நீயும் சொல்லிட்டுப் போ."

அவள் என் முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதாள். "நான் போனா, திரும்பி வருவேனான்னு எனக்குத் தெரியலை அப்பா. அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு. பிரபு மேல கோபம்கூட இல்லை. மூச்சு முட்டுது, அவ்வளவுதான்" என்றாள். அதை நான் உன்னிடம் மறைக்கப் போவதில்லை. திரும்பி வா என்று நானும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் ஒரு கதவை அடைத்தவனாகியிருப்பேன். அவளே என்னை இங்கே கூட்டிவந்து, துணியை அலமாரியில் அடுக்கி, நர்சிடம் மாத்திரைகளைத் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு, சாங்கி விமான நிலையத்துக்குப் போனாள்.

அவள் எல்லிஸ் லேண்டிங் போய்ச் சேர்ந்தபோது சுவரின் கதவுகளை அடைத்துவிட்டிருந்தார்கள். வெயில் பளிச்சென்று அடித்ததாம். அவள் படி ஏறிச் சுவரோரக் கரையின் மேல் போய் நின்றாள். அங்கிருந்து பார்த்தால் தண்ணீருக்கு நடுவே அவர்கள் வீட்டின் மாடிச் சன்னல் தெரியும். அப்பாவுக்குப் போன் செய்து, வெளியே பார் என்றாள். அவர் சன்னலுக்கு வந்து பார்த்தார். "நீ எப்படி அங்க?" என்று கேட்டாராம். "நீ வர்ற வரைக்கும் இங்கதான் நிப்பேன். நானும் உன் பொண்ணுதான், எனக்கும் பிடிவாதம் வரும்" என்றாள். அவர் போனை வைத்துவிட்டார். அவள் நின்றாள். பொழுது சாய்வதற்குள் அவரே தீயணைப்புக்காரர்களைக் கூப்பிட்டு, மெஷினை மடியில் வைத்துக்கொண்டு படகில் வந்து இறங்கினார். அடுத்த நாள் அந்த வரிசையில் கரண்டு போனது. தண்ணீர் கீழ்த்தளச் சன்னல் வரை ஏறி, அங்கேயே நின்று, அப்புறம் இறங்கியது. வீடு நிற்கிறது. குடியிருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

இப்போது அவர்கள் சுவருக்கு உள்ளே ஒரு வாடகை வீட்டில் இருக்கிறார்கள். பழைய மருத்துவர் மேகனைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார். ரே தினமும் என்னைக் கூப்பிடுகிறார். "சன்னலைத் திறந்தா சுவர்தான் தெரியுது சார்" என்கிறார். எனக்குப் பக்கத்துக் கட்டடத்து ஏர்கான் பெட்டிகள் தெரிகின்றன என்கிறேன். அவரைத் தேற்ற எனக்குத் தெரியவில்லை, அவருக்கும் என்னைத் தேற்றத் தெரியவில்லை. இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறோம். அவர் உயிரோடு உட்கார்ந்திருக்கிறார், அது போதும் என்று சில நாள் தோன்றும். சில நாள் போதவில்லை. நேற்று மேகன் பேசினாள். ஒரு நாயின் ஒடிந்த காலைச் சேர்த்துக் கட்டியதைப் பற்றி இடைவிடாமல் பேசினாள். அந்தக் குரலை நான் நம் வீட்டில் ஒருநாளும் கேட்டதில்லை. அந்த வாழை இலைச் சாப்பாட்டில் கேட்டதுதான். பேச்சுக்கு நடுவே, "பிரபு என்ன சொன்னான்?" என்று கேட்டாள். "உன்னைத் திரும்ப வரச் சொல்லப் போறான்" என்றேன். அவள் பேச்சை மாற்றி, நான் மாத்திரை சாப்பிட்டேனா என்று கேட்டாள்.

அதனால்தான் சொல்கிறேன். அவளைத் திரும்ப வரச் சொல்லாதே. நீ போ. உன் படிப்புக்கும் வேலைக்கும் அங்கே இடம் கிடைக்காமல் போகாது, முன்னால் கிடைத்ததுதானே. போய் ஒரு மாதம் அந்த வீட்டின் சேற்றை அள்ளு. எங்கே வாழ்வது என்று அதற்கப்புறம் இரண்டு பேரும் பேசுங்கள். அங்கேயா, இங்கேயா, வேறெங்கேயாவா, எனக்குத் தெரியாது. பேசும்போது உன் பயத்தைச் சொல், உன் ஆசையைச் சொல். என் இடுப்பைச் சொல்லாதே. நீங்கள் பிரிந்துதான் ஆக வேண்டும் என்றால்கூட, அது உங்கள் இருவராலும் இருக்கட்டும். என்னால் என்று இருக்க வேண்டாம்.

தோஹாவிலிருந்து மேற்கே போகும் விமானமும் இருக்கிறது. டிக்கெட்டை மாற்று. நான் இங்கே இருந்துகொள்கிறேன் என்று பெரிய மனிதன் மாதிரி எழுத ஆசைதான், ஆனால் அது பொய். காலையில் கண் விழித்தால் எங்கே இருக்கிறேன் என்று ஒரு நிமிஷம் தெரிவதில்லை. தெரிந்ததும் மறுபடி கண்ணை மூடிக்கொள்கிறேன். நீ வர வேண்டும் என்றுதான் எனக்கும் இருக்கிறது. இருந்தாலும் முதலில் அவளிடம் போ. அதற்கப்புறம் என்னிடம் வா. ரொம்ப நாள் ஆக்கிவிடாதே.

அப்பா